காற்றோடு போகும் மேல்மண்ணை அளந்தறியும் வழி

மண் அரிமானம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது மழை நீரேயாகும். செந்நிறமாகப் பெருக்கெடுத்து ஏரியில் விழும் வெள்ளத்தைக் காணாத குடியானவர் இல்லை. வரப்பு உடைந்தால் உடைந்த இடம் தெரிகிறது. ஏரி தூர்ந்தால் தூர்ந்த அளவு தெரிகிறது. காற்றின் வேலையோ அத்தகையதன்று. அது வரப்பை உடைப்பதில்லை. நிலத்தில் ஓடை பறிப்பதுமில்லை. நகத்தின் கனத்திலும் குறைவாக நிலத்தின் மேற்புறத்தைச் சீவிக்கொண்டு போகிறது. காலையிற் கண்ட நிலம் மாலையிலும் அவ்வாறே தோன்றுகிறது. ஆகவே, காற்றினால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை என்பாரும் உண்டு. ஊர் மண்ணெல்லாம் பறந்துவிட்டது என்பாரும் உண்டு. இரு சாராரும் அளந்து பார்த்தவரல்லர்.

ஆர்.கே.பேட்டை ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள நம்மவர்க்கு இஃது ஏட்டளவிலான வினா அன்று. நம் மானாவாரிச் செம்மண் கொல்லைகளில் வேர்க்கடலை விளைகிறது. சித்திரை முதல் ஆடி வரை மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. நிலத்தின் மேற்கு எல்லையில் மரங்களை வரிசையாக நட்டுக் காற்றுத் தடை அமைத்துத் தரவேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். மரத்தின் நிழலும் வேரும் தம் கடலைப் பயிரைக் கெடுக்கும் என்று எல்லையிலுள்ள நிலத்துக்குரியவர் மறுக்கின்றனர். இத்தகைய வழக்கு கிராம சபையில் எழும்போது, குரல் உரத்தவர் பக்கம் தீர்மானம் சாய்வது இயல்பு. ஒரு பருவத்தின் அளவு கையில் இருந்தால், தீர்மானத்துக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். அவ்வளவைப் பெரும் பொருட்செலவின்றிப் பஞ்சாயத்தே எடுத்துவிட முடியும். அதற்கான முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்று மண்ணை எடுக்கும் விதம்

காற்று எல்லா மண்ணையும் ஒரே விதமாக எடுப்பதில்லை. ஆங்கிலேயப் படைப் பொறியாளரான பாக்னால்டு என்பவர் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் அலைந்து திரிந்து, பின் ஆய்வுக்கூடத்திலும் சோதித்து, மணல் பறக்கும் விதத்தைப் பற்றி 1941-ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின் அமெரிக்காவில் விளைநிலங்களை ஆராய்ந்த செப்பில் என்பவரும் கண்ட உண்மைகளை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல் எழுந்து பறப்பதில்லை. தரையோடு உருண்டு செல்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரையுள்ள நடுத்தர மணிகள் தவளை பாய்வதுபோல் எம்பி எம்பி விழுகின்றன. அவற்றிலும் நுண்ணிய தூசியோ மேலெழுந்து, ஊரையும் மாவட்டத்தையும் கடந்து சென்றுவிடுகிறது. பெயரும் மண்ணில் பாதிக்கு மேற்பட்டது நடுவகையான பாயும் மணலேயாகும். நுண்தூசி தானாக எளிதில் கிளம்புவதில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. பாயும் மணி தரையில் வந்து மோதும்போதுதான் ஒட்டியிருந்த தூசி உதிர்ந்து எழுகிறது. எனவே பாயும் மணலைத் தடுத்துவிட்டால் தூசியும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தரையிலிருந்து ஓரடி உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரை எட்டும்போது, காய்ந்து பொடிந்த மண் பெயரத் தொடங்குகிறது. அதற்குமேல் வேகம் இருமடங்கானால், பெயரும் மண் இருமடங்கோடு நில்லாமல் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். இதனால் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பருவம் முழுவதும் போகும் மண்ணில் பெரும்பங்கு, சில நாட்களின் சில மணி நேரங்களில் போய்விடுகிறது. சராசரிக் காற்று வேகத்தைக் கொண்டு கணக்குப் போடுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். அளவுக் கருவி நிலத்திலேயே இரவும் பகலும் நிற்கவேண்டும்.

ஈரமண்ணைக் காற்று அசைப்பதில்லை. கட்டியாய்த் திரண்ட மண்ணையும் அசைப்பதில்லை. தாள்கள் நிற்கும் நிலத்தில் காற்றின் வேகம் தரையருகே ஒடுங்கிவிடுகிறது. இம்மூன்று காவல்களும் ஒருங்கே இல்லாத நிலமே காற்றுக்கு இரையாகிறது. வேர்க்கடலை நிலத்தை இவ்வகையில் எண்ணிப் பாருங்கள். நெல்லும் கம்பும் அறுத்தபின் தாள் நிற்கும். கடலையை அறுப்பதில்லை, பிடுங்குகிறோம். செடியின் வேரோடும் காயோடும் மண் கிளறப்பட்டு இளகிவிடுகிறது. கொடியோ மாட்டுக்குப் போகிறது. இறவையில் மார்கழிப் பட்டத்துக் கடலையைச் சித்திரையில் பிடுங்கும் நிலத்தில், காற்றுக் காலம் தொடங்கும்போது ஒரு துரும்பும் இராது. ஆடிப் பட்டத்துக்காக முன்கூட்டியே சுழற்கலப்பையால் மாவுபோல் பொடியாக்கி வைத்த மானாவாரி நிலத்தின் நிலையும் அதுவே.

பிற இடங்களின் அனுபவம்

நம் மாநிலத்தில் காற்றின் வல்லமையைக் காணவேண்டுமாயின் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளுக்குச் செல்லவேண்டும். சாத்தான்குளம், குதிரைமொழி முதலிய இடங்களில் செம்மணல் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குப் பருவக் காற்றே தேரி மணலையும் பெயர்க்கிறது. பனையும் உடைமரமும் கொல்லாமரமும் நட்டுத்தான் அம்மணலைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. வடக்கே இராஜஸ்தானத்துப் பாலைநிலத்துக்காக 1952-இல் சோத்பூரில் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதுவே 1959 முதல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாக இயங்கி வருகிறது.

அமெரிக்க நாட்டில் 1930-களில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. புல்வெளியை உழுது கோதுமை விதைத்தனர், மழை பொய்த்தது, மண் எழுந்து நடுப்பகலை இருளாக்கியது. 1934 மே மாதத்துப் புழுதி, கிழக்குக் கடற்கரை நகரங்களையும் கடந்து அட்லாண்டிக் கடலிற் சென்ற கப்பல்கள் மீது படிந்தது. 1935 ஏப்ரலில் அந்நாட்டு மன்றம் மண்வளப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பின்னர் 1947-இல் கான்சாஸ் மாநிலத்தில் காற்று அரிமானத்துக்கென்றே தனி ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. செப்பில் பணியாற்றியது அங்கேதான்.

ஆர்.கே.பேட்டை தேரியுமன்று, பாலைவனமுமன்று. இதை மறந்து அச்சமூட்டுவது முறையாகாது. நாகபுரியிலுள்ள தேசிய மண் ஆய்வு அமைப்பின் கணக்கின்படி, இந்தியாவில் நீரால் அரிக்கப்பட்டுச் சீர்கெட்ட நிலம் ஏறக்குறைய 9 கோடியே 40 லட்சம் எக்டேர். காற்றால் சீர்கெட்டது ஏறக்குறைய 95 லட்சம் எக்டேர். ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று என்பது இந்த விகிதம். நம் செம்மண் நிலத்தில் நீரே பெரிய பகை என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும், காற்றின் பங்கு எவ்வளவு என்பதை அந்தந்த நிலத்தில் அளந்தே சொல்ல முடியும்.

முதலில் கண்ணால் அளத்தல்

கருவி தேடுமுன் நிலத்தைச் சுற்றி வருதல் வேண்டும். நிலத்தின் கிழக்கோர முள்வேலியின் அடியில் மணல் திட்டாகச் சேர்ந்திருக்கிறதா? கூழாங்கல் ஒவ்வொன்றும் சிறு மண்பீடத்தின் மேல் அமர்ந்ததுபோல் நிற்கிறதா? மழைத்துளியும் அத்தகைய பீடங்களை உண்டாக்கும் ஆதலால், மழைக்கு முன்னரே பார்க்கவேண்டும். இளங்கன்றுகளின் தண்டு மேற்குப் பக்கத்தில் மட்டும் உராய்ந்து வெளுத்திருந்தால், பாயும் மணல் அறைந்தது என்று கொள்ளலாம். இவை எவையும் இல்லாத நிலத்தில் கருவி நாட்டுவது வீண்வேலை.

இரும்புக் கம்பி அடித்து அளக்கும் முறையைப் பலர் சொல்வர். கம்பியை நிலத்தில் ஆழ ஊன்றி, வெளியே தெரியும் நீளத்தைக் குறித்துவைத்து, பருவ முடிவில் மீண்டும் அளப்பர். தேரிமணலில் இது நன்கு பயன்படும். உழுத கொல்லைக்கு இதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. உழுது பொங்கிய மண் ஒரு மழையில் ஓர் அங்குலம் அமர்ந்துவிடும். காற்று எடுத்தது ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்காயிருக்க, மண் அமர்ந்ததையே காற்றின் கணக்கில் எழுதிவிடுவோம். கம்பி பொய் சொல்லாது. நாம்தான் அதைப் பிழையாகப் படிப்போம்.

ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பம் என்று எண்ணற்க. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கன மண்ணை வழித்தெடுத்தால் அது ஏறக்குறைய 4 கன மீட்டர். எடை ஏறக்குறைய 6 டன். இவ்வெண்ணை உறுப்பினர்கள் மனத்திற் கொள்வது நலம்; பின்வரும் கணக்குக்கு இதுவே உரைகல்.

சல்லடைச் சோதனை

அடுத்தது சல்லடை. நிலத்தின் மேல் ஓரங்குல மண்ணைத் தட்டையான கரண்டியால் நான்கைந்து இடங்களில் எடுத்து, கட்டிகளை நசுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். செப்பில் கண்ட எல்லை 0.84 மில்லிமீட்டர். அதனினும் பெரிய மணிகளையும் கட்டிகளையும் காற்று எளிதில் எடுப்பதில்லை. நமக்கு ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிச் சல்லடை போதுமானது. நிலத்துக்கு நிலம் ஒப்பிடுவதே நம் நோக்கம் ஆதலால், எல்லா நிலத்துக்கும் அதே சல்லடையைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கிலோ மண்ணை மெல்ல அசைத்துச் சலித்து, கீழே இறங்கியதை நிறுக்கவேண்டும். பாதிக்குமேல் இறங்கினால் அந்நிலம் காற்றுக்கு எளிதில் இடங்கொடுக்கும். மூன்றிலொரு பங்கே இறங்கினால் அந்நிலத்தைப் பற்றி இவ்வாண்டு கவலை வேண்டா.

இச்சோதனையில் மற்றொரு பயனுண்டு. ஒரே நிலத்தில் சுழற்கலப்பை ஓட்டிய பாதியையும், சாதாரணக் கலப்பையால் உழுத பாதியையும் தனித்தனியே சலித்துப் பார்க்கலாம். இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினால், பத்துக் கூட்டங்களில் பேசுவதைவிட அது நன்றாக விளங்கும்.

புட்டிப் பொறி

சல்லடை கூறுவது மண் பெயரக்கூடுமா என்பதை. பெயர்ந்தது எவ்வளவு என்பதைக் கூறப் பொறி வேண்டும். உலகில் இப்போது பெரிதும் பயன்படும் பொறிகளில் ஒன்று, 1980-இல் வில்சன், குக் என்னும் இருவர் வெளியிட்ட அமைப்பிலிருந்து திருத்திச் செய்யப்பட்டது. அதன் எளிமை நம் நாட்டுக்கு ஏற்றது. ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டி. அதன் மூடியில் இரண்டு துளை. ஒவ்வொன்றிலும் வளைந்த குழாய். ஒரு குழாயின் வாய் காற்றை நோக்கி இருக்கும். மற்றொன்று எதிர்ப்புறம் நோக்கும். மண்ணோடு கூடிய காற்று முதற்குழாய் வழி உள்ளே நுழைகிறது. புட்டிக்குள் அதன் வேகம் தணிந்து மண் அடியில் விழ, காற்று மட்டும் மறுகுழாய் வழியே வெளியேறுகிறது.

குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டராயின், அதன் வாயின் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர். எல்லாப் புட்டிக்கும் ஒரே குழாய் இருத்தல் முக்கியம். ஒரு மீட்டருக்குக் குறையாத இரும்புக் கம்பியில் தரையிலிருந்து 5, 20, 50, 85 சென்டிமீட்டர் உயரங்களில் நான்கு புட்டிகளைக் கட்டவேண்டும். கம்பியின் அடியைத் தரையில் புதைத்த குழாயினுள் எளிதில் சுழலுமாறு நிறுத்தி, உச்சியில் தகரத்தாலான ஒரு வால் பொருத்தினால், காற்று எத்திசையில் திரும்பினாலும் புட்டிகளின் வாயும் அத்திசைக்குத் திரும்பிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன் எழும் சூறைக்காற்று மேற்கிலிருந்தே வரும் என்ற உறுதி இல்லை.

பாயும் மணலில் மிகப் பெரும்பகுதி ஓரடி உயரத்துக்குள்ளேயே செல்லும். எனவே கீழ்ப்புட்டியில் நிறையவும் மேற்புட்டியில் சிறிதளவுமே சேரும். மேற்புட்டியில் அதிகம் சேர்ந்திருந்தால் அது நம் நிலத்து மண்ணாக இராது. பக்கத்துச் செம்மண் சாலையில் லாரி கிளப்பிய புழுதியாகவும் இருக்கலாம். ஆதலால் வண்டிப்பாதைக்கு அருகே பொறி நாட்டலாகாது.

இனி இம்முறையின் உயிர்நிலைக்கு வருவோம். புட்டியில் சேர்ந்த மண் நிலம் இழந்த மண் ஆகாது; அது அவ்விடத்தைக் கடந்துசென்ற மண். நம் மேற்கேயுள்ளவர் நிலத்திலிருந்து வந்த மண்ணும் அதில் கலந்திருக்கிறது. ஒரு பொறியை மட்டும் நாட்டி, அதில் சேர்ந்ததையெல்லாம் நட்டக்கணக்கில் எழுதுவது, வாய்க்காலின் கடைமடையில் ஓடும் நீரை எல்லாம் தன் கிணற்று நீர் என்று சொல்வதை ஒக்கும். ஆகவே, காற்று நுழையும் மேற்கோரத்தில் ஒன்றும் காற்று வெளியேறும் கிழக்கோரத்தில் ஒன்றுமாக இரண்டு பொறிகள் வேண்டும். வெளியேறியதிலிருந்து நுழைந்ததைக் கழித்தால் கிடைப்பதே நிலத்தின் இழப்பு. நுழைந்தது அதிகமாயின் நிலம் மண்ணைப் பெறுகிறது என்று பொருள். அப்படிப் பெறும் நிலங்களும் உண்டு. அவற்றில் விதை மூடிப்போகும் தொல்லை வேறு.

ஒரு கணக்கு

கணக்கு விளங்கும்பொருட்டு எண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இவை எந்த நிலத்திலும் அளந்தவை அல்ல. கிழக்குப் பொறியில் கீழிருந்து மேலாக 5 கிராம், 1 கிராம், 0.2 கிராம், 0.1 கிராம் சேர்ந்தன என்க. ஒவ்வொரு புட்டியும் ஓர் உயரப் பட்டைக்குப் பிரதிநிதி: முதற்புட்டி தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும், இரண்டாவது 10 முதல் 30 வரைக்கும், மூன்றாவது 30 முதல் 70 வரைக்கும், நான்காவது 70 முதல் 100 வரைக்கும். ஒரு மீட்டர் அகலத்தில் முதற்பட்டையின் பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர். குழாய்வாயோ அரைச் சதுர சென்டிமீட்டர். எனவே முதற்புட்டியின் எடையை 2,000 ஆல் பெருக்கவேண்டும். அவ்வாறே இரண்டாவதை 4,000 ஆலும், மூன்றாவதை 8,000 ஆலும், நான்காவதை 6,000 ஆலும் பெருக்கவேண்டும்.

பெருக்கினால் 10 கிலோ, 4 கிலோ, 1.6 கிலோ, 0.6 கிலோ வருகின்றன. கூட்டினால் 16.2 கிலோ. கிழக்கோரத்தில் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் இவ்வளவு மண் கடந்து சென்றுள்ளது. மேற்குப் பொறியில் 2 கிராம், 0.5 கிராம், 0.1 கிராம், 0.05 கிராம் இருந்தன என்றால், அதே பெருக்கலில் 7.1 கிலோ. இரண்டின் வேறுபாடு 9.1 கிலோ. ஓர் ஏக்கர்ச் சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். 9.1-ஐ 64-ஆல் பெருக்க, ஏக்கருக்கு ஏறக்குறைய 580 கிலோ இழப்பு என்று விடை கிடைக்கிறது. மேற்குப் பொறியை நாட்டாதிருந்தால் ஒரு டன்னுக்கு மேல் என்று எழுதியிருப்போம்!

580 கிலோ என்பது 50 கிலோ சிமெண்டு மூட்டை பதினொன்றரைக்குச் சமம். ஆனால் கனத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எந்தக் கம்பியும் இதைக் காட்டாது. எந்தக் கண்ணும் காணாது.

புட்டி எதுவும் தன் வாய்க்கு வரும் மண் முழுவதையும் பிடித்துவிடுவதில்லை. நுண்தூசியில் ஒரு பகுதி காற்றோடு வெளியேறிவிடும். ஒரு மீட்டருக்கு மேல் பறப்பதும் கணக்கில் வாராது. ஆகவே இவ்விடையைக் குறைந்த அளவு என்றே கொள்ளவேண்டும். நிலத்துக்கு நிலம், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இது தக்கது. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டத் தக்கதன்று.

பொறியைக் காத்தல்

நாட்டிவிட்டு மறந்துவிடும் பொருள் அன்று இது. வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். மழை பெய்தால் உடனே கீழ்ப்புட்டியைக் கவனிக்கவேண்டும். மழைத்துளி தெறித்த மண் அதில் ஏறிவிடும். அம்மண் காற்றின் கணக்கில் சேராது. மழை வருமுன் சேர்ந்ததைத் தனியே எடுத்துவைப்பதே பாதுகாப்பு. குளவிக்கு 8 மில்லிமீட்டர்க் குழாய் மிகவும் உகந்த வீடு. அது மண் கொணர்ந்து வாயை அடைத்துவிடும். எறும்பும் விடாது. ஆட்டிடையர்களிடம் முன்னரே சொல்லிவைத்தால் கம்பி நிலைத்து நிற்கும்.

சேர்ந்த மண்ணில் சருகும் கடலைத் தோலும் நீக்கி, உலர்த்தி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் மின்தராசில் நிறுக்கவேண்டும். நகைக் கடைகளில் இத்தகைய தராசு உண்டு. சிறியது ஒன்றைப் பஞ்சாயத்தே வாங்குவதும் பெருஞ்செலவன்று. நூலைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பழகிய நெசவாளர் நிறைந்த வட்டாரம் நம்முடையது. இவ்வேலைக்கு அவர்களிலும் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு அளக்கும் முறையும் ஒன்று உண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் மண்ணில் படிந்து களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட அப்பொருள் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்த்து, பல பத்தாண்டுகளின் இழப்பைக் கூறுவர். அது ஆய்வுக்கூடத்துக்குரிய வேலை. காற்று கொண்டதையும் நீர் கொண்டதையும் அது பிரித்துக் காட்டுவதுமில்லை.

எடை மட்டும் போதாது

பொறியின் விடை கிடைத்தபின் அதை எதனோடு ஒப்பிடுவது? துருவநாராயணா, ராம் பாபு என்னும் அறிஞர்கள் 1983-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு எக்டேருக்குச் சராசரி 16.35 டன் மண் பெயர்கிறது. ஏக்கருக்கு அது ஏறக்குறைய ஆறரை டன், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதனோடு நம் கற்பனைக் கணக்கின் 580 கிலோவை வைத்துப் பார்த்தால் அது பத்திலொரு பங்குகூட இல்லை. உண்மையான அளவும் அவ்வாறே அமைந்தால், பஞ்சாயத்தின் பணம் முதலில் வரப்புக்கும் உழவுச் சரிவைத் திருத்துவதற்கும் போகவேண்டும் என்பதே நம் கருத்து. மரவரிசை இரண்டாமிடம் பெறும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. காற்று மண்ணைப் பொறுக்கி எடுக்கிறது. பருமணலை விட்டுவிட்டு, உரமும் மக்கும் ஒட்டியிருக்கும் நுண்பகுதியைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. நெல்லை விட்டுவிட்டு அரிசியைக் கொண்டுபோகும் கள்வனை எடைபோட்டு மதிப்பிட முடியுமா? எனவே வேலியடியில் சேர்ந்த மணல் ஒரு பொட்டலம், நிலத்தின் நடுவில் எடுத்த மேல்மண் ஒரு பொட்டலம் என இரண்டையும் மண் பரிசோதனைக்கு அனுப்பி, கரிமச் சத்து எவ்வளவு என்று கேட்கவேண்டும். வேலியடி மணல் வெறுமையாகவும் நிலத்து மண் சத்தோடும் இருந்தால், சத்துள்ள நுண்மண் வேலியைத் தாண்டிப் போய்விட்டது என்று ஐயுற இடமுண்டு. திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடம் இது குறித்து ஆலோசனை பெறலாம்.

அளவு அதிகமாக வந்தால்

மரம் நடுமுன் செய்யத்தக்கவை சில உண்டு, செலவு குறைந்தவை. கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரையை வடக்குத் தெற்காக விதைத்தால், கடலை பிடுங்கியபின்னும் துவரை நிற்கும். துவரையை அறுக்கும்போது முழங்கால் உயரத் தட்டையை விட்டுவைக்க வேண்டும்; அடுப்புக்கு என்று அடியோடு வெட்டலாகாது. கோடை உழவு கோடைமழை பெய்த ஈரத்தில், கட்டி எழும்புமாறு, காற்றுக்குக் குறுக்காக இருத்தல் வேண்டும். சுழற்கலப்பையை விதைப்புக்கு முதல் நாள் வரை ஒதுக்கிவைப்பது நன்று. உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை இட்டால், மணற்பாங்கான செம்மண்ணும் கட்டி பிடிக்கும், நீரையும் பிடிக்கும்.

இவற்றின் பின்னும் பொறி அதிகம் காட்டுமாயின் மரவரிசைக்கு வழக்கு உண்டு. காற்றுத் தடை தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரம் நன்கு காக்கும். 6 மீட்டர் மரம் 60 மீட்டர் வரை, அதாவது ஓர் ஏக்கர்ச் சதுரம் முழுவதையும் காக்கும் என்று கொள்ளலாம். சுவர்போல் அடர்ந்த வரிசை நன்றன்று; அதன் பின்னே காற்று சுழன்று விழும். பாதி இடைவெளி விட்டுக் காற்றை வடிகட்டும் வரிசையே வேண்டும். சவுக்கு, பனை, வேம்பு நடலாம்; சீமைக்கருவேல் வேண்டா. கூடுமானவரை பட்டா நிலத்து எல்லையை விட்டு, புறம்போக்கு ஓரத்தையும் வண்டிப்பாதை ஓரத்தையும் தேர்ந்தால் நிழல் வழக்கு எழாது.

பொறிகளைப் பங்குனி இறுதியில் நாட்டலாம். மே 1 கிராம சபையில், எந்த எந்த நிலத்தில் நாட்டியுள்ளது என்பதையும் யார் பார்த்துக்கொள்வர் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஒரே ஊரில் இரண்டு நிலமாவது எடுத்துக்கொள்வது நலம்: தாளும் கட்டியும் உள்ளது ஒன்று, வெறுமையாகப் பொடிந்து கிடப்பது ஒன்று. குறிப்பேட்டில் நாள், பொறியின் எண், புட்டியின் உயரம், எடை, இடையில் மழை பெய்ததா என்னும் ஐந்து கட்டங்கள் போதும். ஆகஸ்டு 15 கிராம சபையில் அக்குறிப்பேட்டைப் படித்துக் காட்டி, கூட்டல் கழித்தலைக் கரும்பலகையில் அனைவர் முன்னும் போடவேண்டும். மரவரிசை கேட்டவரும் மறுத்தவரும் அப்போது முன்வரிசையில் அமர்ந்திருப்பது நல்லது. புட்டிகளைக் கழுவி உலர்த்தி, அடுத்த பங்குனி வரை பஞ்சாயத்து அலுவலக அலமாரியில் வைக்கலாம்.